2400 வரி ஒரே ஃபைல்ல கெடக்கு, எங்கிட்டு இருந்து பிரிக்கிறது?

வைகைக்கரை:
அண்ணே வணக்கம். மதுரைல ஒரு சுங்குடி சேலை கடைக்கு ஆர்டர் பேஜ் பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு முன்னாடி இருந்தவரு ஜேக்வெரில (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) 2400 வரிய ஒரே ஃபைல்ல எழுதிட்டு போயிட்டாரு. மொத்தத் தொகைய மூணு எடத்துல கணக்கு போடுது, கார்ட்ல (வாங்கப் போற சேலை லிஸ்ட்), பேஜுக்கு மேல தொகைய காட்டுற சின்ன பேட்ஜ்ல, பில்லுல. போன வாரம் 850 ரூவா சேலைக்கு கூரியர் 60 சேத்து 85060னு காட்டி, ஓனரு போன்ல வறுத்து எடுத்துட்டாரு. கோட எப்புடி அடுக்குறதுங்கற மாதிரிக, அதான் டிசைன் பேட்டர்ன், படிச்சா சிங்கிள்டன், ஃபேக்டரி, அப்சர்வர்னு 23 இருக்கு, தலை சுத்துது. பேசாம ரியாக்ட்ங்கற வேற லைப்ரரில மொதல்ல இருந்து எழுதிரவா? சித்திரைத் திருவிழாவுக்குள்ள முடிக்கணும்.

கீழமாசிவீதி:
85060க்கும் பேட்டர்னுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி. இன்புட்ல இருந்து வர்ற வேல்யூ நம்பர் இல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்து, ப்ளஸ் போட்டா ஒட்டிக்கிரும். பெருக்கல்ல தப்பிச்சுரும், கூட்டல்லதான் மாட்டும். வாங்குற எடத்துலயே நம்பரா மாத்திருங்க.

தெப்பக்குளத்தான்:
திரும்ப எழுதுற வேலையே வேணாம், திருவிழா முடிஞ்சு ஆடி வந்துரும். அந்த 23 பேட்டர்னும் 1994ல ஒரு புத்தகத்துல சி ப்ளஸ் ப்ளஸ், ஸ்மால்டாக் ஆளுகளுக்கு எழுதுனது, ஜாவாஸ்கிரிப்ட் வந்ததே 1995லதான், அம்புட்டையும் தூக்கி சொமக்காதீங்க. கார்ட்ட மட்டும் தனி மாட்யூலா, அதாவது தனி ஃபைலா, எடுங்க, சேலை லிஸ்ட் உள்ளயே இருக்கட்டும், வெளிய சேர், நீக்கு, மொத்தம் மூணு ஃபங்ஷன் போதும். லிஸ்ட் மாறுனா ஒரு கஸ்டம் ஈவென்ட் (நம்மளே பேரு வச்ச அறிவிப்பு) விடுங்க, பேட்ஜும் பில்லும் அதக் கேட்டுக்கிட்டு தானா மாத்திக்கிரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி வெல ஏறுனா ஏவாரி ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயா சொல்றாரு, ஒரு சத்தம் குடுப்பாரு, வேணுங்கறவன் காதுல வாங்கிக்குவான். அப்சர்வர்னா இம்புட்டுதான்.

வைகைக்கரை:
பண்ணிப் பாத்தேண்ணே, ஸ்கிரிப்ட் டேக்ல டைப் மாட்யூல்னு போட்டதும் ஒரு பட்டனும் வேல செய்யல, பிரவுசரோட கன்சோல்ல (தப்பு காட்டுற எடம்) நாட் டிஃபைண்ட்னு செவப்பா வருது.

தெப்பக்குளத்தான்:
பழைய ஆளு ஒவ்வொரு பட்டனுக்கும் எச்டிஎம்எல்ல ஆன்க்ளிக்னு (அமுக்குனா எந்த ஃபங்ஷன் ஓடணும்னு) நேரா எழுதியிருப்பாரு. மாட்யூல்ல இருக்க ஃபங்ஷன் விண்டோவுல, அதாவது பேஜ் முழுக்க தெரியுற பொது எடத்துல, ஏறாது, அதான் ஆன்க்ளிக் கண்ணுல அது படல. ஆன்க்ளிக் எல்லாத்தையும் தூக்கிட்டு, லிஸ்ட சுத்தி இருக்க டிவ்ல (வெளிப் பெட்டி) ஒரே ஒரு லிஸனர் (க்ளிக்க கேக்குற ஃபங்ஷன்) போடுங்க, எந்தப் பட்டன்னு க்ளோசஸ்ட்ங்கற ஃபங்ஷன் வச்சு கண்டுபிடிங்க. பின்னாடி புதுசா சேக்குற சேலைக்கும் அதுவே போதும்.

வைகைக்கரை:
வேல செய்யுதுண்ணே! ஆனா ரெண்டாவது தடவ அமுக்குனா ரெண்டு சேலை ஏறுது, அதுக்கடுத்து இன்னும் கூட.

கீழமாசிவீதி:
லிஸ்ட வரையுற ஃபங்ஷனுக்குள்ளயே லிஸனரையும் போட்டு வச்சிருப்பீங்க, ஒவ்வொரு தடவ வரையும்போதும் ஒண்ணு கூடுது. வெளிய எடுத்துப் போடுங்க.