அவசரம்: என்ர எச்-இன்டெக்ஸ் 9ஆ 5ஆ? வெள்ளிக்கிழமைக்கு முதல் தெரிய வேணும்

கிணத்தடி | செவ்வாய், இரவு 11.42

வணக்கம். ஆய்வு நிதி விண்ணப்பம் ஒண்டில எச்-இன்டெக்ஸ் (என்ர கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டிருக்கு எண்டு அளக்கிற எண்) 9, மொத்த சைட்டேஷன் (மேற்கோள்) 212 எண்டு போட்டிருந்தன். இண்டைக்குப் பின்னேரம் அங்க இருந்து ஃபோன். "நாங்கள் பார்த்தால் 5, 86 எண்டுதான் வருது, ஏன் கூட்டிப் போட்டிருக்கிறீங்கள்?" எண்டு கேட்டவை. நான் கூட்டிப் போடேல்ல. கண்ணால பார்த்துத்தான் எழுதினன். எண் எப்பிடி இறங்கும்? வெள்ளிக்கிழமை 4 மணிக்கு முதல் திருத்திக் குடுக்கச் சொல்லியிருக்கினம். தெரிஞ்சவை உடன சொல்லுங்கோ. பொய் எழுதினவள் எண்டு பேர் வந்திடுமோ எண்டு நித்திரை வரேல்ல.

தெமட்டகொட | 11.58

மேற்கோளை எண்ணுற எந்தத் தளத்தில பார்த்தனீங்கள்? கூகுள் ஸ்கொலரா, ஸ்கோபஸா, வெப் ஒஃப் சயன்ஸா? அவை எதில பார்த்தவை? இது ரெண்டும் தெரியாமல் ஒண்டும் சொல்லேலாது.

ஆமர் வீதி | புதன், காலை 6.20

இது அந்த ரெண்டாவது வரிசைதான். ஸ்கொலர் பக்கத்தில வலப்பக்கம் ரெண்டு வரிசை எண் இருக்கும். ஒண்டு எல்லா வருசத்துக்கும், மற்றது கிட்டடி வருசங்களுக்கு மட்டும். வருசம் பிறந்தால் ரெண்டாவது ஒரு வருசம் முன்னுக்கு நகரும். எனக்கு ஒரு தை மாதம் ஒரே இரவில 11 எட்டாச்சு. அவை அந்த வரிசையைப் பார்த்திருப்பினம்.

கல்கிசை | 7.05

சுயமேற்கோளைக் கழிச்சிருப்பினம். ஸ்கோபஸில அதைக் கழிச்சுப் பார்க்க வசதி இருக்கு. உங்கட கட்டுரையை நீங்களே எத்தனை தரம் மேற்கோள் காட்டியிருக்கிறீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ.

பேராசான் | 8.31

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள். எச்-இன்டெக்ஸ் என்னவென்று விளங்காமலே விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தது. ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது 7 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 7 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 8 கட்டுரைகளுக்கு எட்டெட்டு வராவிட்டால் அவருடைய எண் 7. அவ்வளவுதான். இணைப் பேராசிரியர் நிலைக்கு 12 வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். 9 என்றாலும் 5 என்றாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நூலகத்து அக்கா | 9.10

பேராசான், அந்த 12 அமெரிக்காவில பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில இருக்கிற பௌதிகவியலாளருக்கு அவர் சொன்ன உத்தேசக் கணக்கு. துறைக்குத் துறை எண் மாறும் எண்டு அதே கட்டுரையில எழுதியிருக்கிறார். இந்தப் பிள்ளை என்ன துறை எண்டே எங்களுக்குத் தெரியாது.

கிணத்தடி, பதறாதேங்கோ. தெமட்டகொட கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுங்கோ.

கிணத்தடி | பகல் 12.48

மன்னிக்கவும், இப்பதான் லெக்சர் முடிஞ்சது. நான் பார்த்தது ஸ்கொலர். அவையிட்ட கேட்டன், ஸ்கோபஸாம். இப்ப நானும் ஸ்கோபஸில பார்த்தன், 7 கட்டுரைதான் கிடக்கு. 12 வர வேணும். நான் நிலத்தடி நீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில நைத்திரேற்று கூடுறது பற்றின என்ர முதல் கட்டுரையே அங்க இல்லை. எனக்குக் கூடச் சைட்டேஷன் வந்ததுகளில அதுவும் ஒண்டு.

கல்கிசை | 1.15

அப்ப மற்ற 5 கட்டுரையும் வந்த சஞ்சிகைகளை ஸ்கோபஸ் நீக்கியிருக்கும். காசு வாங்கிப் போடுற சஞ்சிகைகளை வருசா வருசம் தூக்கிறவை.

தெமட்டகொட | 1.22

சஞ்சிகையை நிப்பாட்டினாலும் அதுக்கு முதல் ஏறின கட்டுரைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதுசாத்தான் ஏறாது. காரணம் அது இல்லை. முதல்ல சுயமேற்கோள், இப்ப காசுச் சஞ்சிகை. அவவைக் குற்றவாளி ஆக்கிறதை விடுங்கோ.

நூலகத்து அக்கா | 1.40

தங்கச்சி, ஒரு கேள்வி. கலியாணத்துக்கு முதல் எந்தப் பேரில எழுதினனீங்கள், பிறகு எந்தப் பேரில?

கிணத்தடி | 1.44

முதல் 5உம் அப்பான்ர முதலெழுத்தோட. 2016க்குப் பிறகு இவற்ற பேரை முழுசாப் பின்னால போட்டு. ஏன் அக்கா?

நூலகத்து அக்கா | 2.30

அதுதான் விசயம். எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை. அப்பான்ர பேரின்ர முதலெழுத்து, பிறகு எங்கட பேர். சி. மாலினி எண்டு ஒரு பிள்ளை எழுதினால், ஒரு சஞ்சிகை மாலினியைக் குடும்பப் பேர் எண்டு எடுக்கும். இன்னொண்டு முழுப் பேர் கேட்கும், அவ மாலினி சிவராசா எண்டு குடுப்பா, அங்க அப்பா குடும்பப் பேர் ஆகிடுவார். கலியாணம் கட்டி மாலினி ரவீந்திரன் ஆனால் மூண்டாவது ஆள். மெஷினுக்கு அவ மூண்டு பேர். ஒவ்வொருத்திக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி எண்.

இது எங்களுக்கு மட்டும் இல்லை. எங்கட நூலகத்துக்கு வாற சிங்களப் பிள்ளைகளுக்கு முன்னுக்கு நாலு அஞ்சு முதலெழுத்து. சஞ்சிகை ரெண்டை விட்டிட்டால் அவையும் ரெண்டாப் பிரிஞ்சு போயிடுவினம்.

ஸ்கோபஸ் ஆசிரியர் தேடல் காசில்லாமலே திறக்கும். உங்கட பேரைக் குடும்பப் பேர் இடத்தில போட்டு, அப்பான்ர எழுத்தை மற்றதில போட்டுத் தேடுங்கோ. மற்ற 5உம் அங்கதான் கிடக்கும். ரெண்டு பக்கத்திலயும் ஒவ்வொரு கட்டுரைக்கும் எத்தனை மேற்கோள் எண்டு இங்க எழுதுங்கோ.

கிணத்தடி | 3.05

ஐயோ அக்கா, கிடக்குது!! முதல் பக்கம்: 31, 22, 14, 9, 6, 3, 1. மற்றது: 18, 11, 8, 5, 2. எச்-இன்டெக்ஸ் 5உம் 4உம். அப்ப கூட்டினால் 9, நான் போட்டது சரிதானே?

பேராசான் | 3.09

இல்லை. எச்-இன்டெக்ஸைக் கூட்ட முடியாது. அடிப்படை விளங்கவில்லை என்று காலையிலேயே சொன்னேன்.

நூலகத்து அக்கா | 3.35

கூட்டேலாது எண்டது சரி. ஏன் எண்டும் சொல்ல வேணும். கொப்பியில பன்னிரண்டையும் பெரிசில இருந்து சின்னனா ஒரு வரிசையா எழுதுங்கோ: 31, 22, 18, 14, 11, 9, 8, 6, 5, 3, 2, 1. இப்ப விரல் வைச்சு எண்ணிக்கொண்டு போங்கோ. ஏழாவது இடத்தில 8 இருக்கு, 7ஐ விடக் கூட, சரி. எட்டாவது இடத்தில 6, காணாது. அப்ப உங்கட உண்மையான ஸ்கோபஸ் எண் 7. மொத்த மேற்கோள் 86உம் 44உம் சேர்ந்து 130.

ஸ்கொலர் 9 காட்டுறதும் பிழை இல்லை. அது ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, பல்கலைக்கழக இணையத்தில கிடக்கிற பிடிஎஃப் எல்லாத்தையும் எண்ணும். ஸ்கோபஸ் தான் தெரிவு செய்த சஞ்சிகை, நூல், மாநாட்டுத் தொகுப்புகளைத்தான் எண்ணும். ரெண்டு தராசு, ரெண்டு நிறை. எந்தத் தராசு எண்டு விண்ணப்பத்தில எழுதாததுதான் உங்கட ஒரே பிழை.

ஸ்கோபஸில ரெண்டு ஆசிரியர் பக்கத்தையும் தெரிவு செய்து ஒண்டாக்கச் சொல்லிக் கேட்கலாம். கணக்கு ஒண்டு திறக்க வேணும், அதுக்குக் காசில்லை. வெள்ளிக்கு முதல் சேரும் எண்டு நம்பி இருக்கேலாது. அதால விண்ணப்பத்தில இப்படி எழுதுங்கோ: ஸ்கோபஸ், இரண்டு ஆசிரியர் பக்கங்கள், 12 கட்டுரை, 130 மேற்கோள், எச்-இன்டெக்ஸ் 7, பார்த்த திகதி. கீழ ஸ்கொலர் 9, 212, அதே திகதி. ரெண்டு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இணையுங்கோ. பேர் மாறின விசயத்துக்குக் கலியாணப் பதிவுப் பிரதி ஒண்டு காணும்.

மருதானை நூலகவாசி | மாலை 5.50

எல்லாம் சரி, ஆனா எனக்கு இதில மனவருத்தம் இருக்கு. நான் தமிழ்த்துறை. என்ர பேராசிரியருக்கு ஸ்கோபஸில 0. நாப்பது வருசமாத் தமிழில எழுதினவர். கைலாசபதியையும் சிவத்தம்பியையும் மேற்கோள் காட்டித் தமிழில எத்தனை ஆய்வேடு, எத்தனை நூல், எத்தனை மலர்க் கட்டுரை வந்திருக்கு? அதில எவ்வளவு இந்தத் தராசில ஏறும்? 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில ஆயிரக்கணக்கில ஈழத்து நூல்கள் படமாக் கிடக்கு. அதின்ர அடிக்குறிப்புகளை ஆர் எண்ணினது?

கல்கிசை | 6.12

எண் இல்லாட்டி என்ன செய்வீங்கள்? ஆள் பார்த்து, ஊர் பார்த்துத்தானே குடுப்பினம். எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. என்ர எண்ணை வைச்சுத்தான் நேர்முகத்தில வாய் திறந்தனான். எண்தான் எனக்குக் காவல்.

மருதானை நூலகவாசி | 6.30

உங்களுக்குக் காவல். தமிழில எழுதினதால எண்ணே இல்லாதவருக்கு அதே எண் பூட்டு.

பேராசான் | 6.41

ஆங்கிலத்தில் எழுதினால் எண்ணப்படும். உலகம் வாசிக்கிற மொழியில் எழுத வேண்டியதுதான்.

ஆமர் வீதி | 6.55

யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று இருக்கெண்டு ஆருக்கு முதல் தெரிய வேணும்? அந்தத் தண்ணியைக் குடிக்கிற சனத்துக்கு. அவைக்குத் தமிழில சொன்னால் மேற்கோள் வராது. அதுக்காகச் சொல்லாமல் விடுறதோ?

நூலகத்து அக்கா | இரவு 8.15

மேற்கோள் சுட்டியை (எந்தக் கட்டுரையை எது மேற்கோள் காட்டுது எண்ட பட்டியலை) யூஜீன் கார்ஃபீல்ட் எண்ட தகவல் அறிவியலாளர் 1955இல முன்மொழிஞ்சது ஒரு கட்டுரையில இருந்து அதோட தொடர்புள்ள மற்றதுகளைத் தேடிப் பிடிக்க. ஆளை நிறுக்கிறது பிறகு வந்த பழக்கம். ஹிர்ஷே 2020இல, தன்ர சுட்டெண் மோசமாப் பிழைக்கவும் கூடும், எதிர்பாராத தீமையும் செய்யும் எண்டு எழுதினவர். ஆய்வை மதிப்பிட எண்களை எப்படிப் பாவிக்க வேணும் எண்டு 2015இல வந்த லைடன் அறிக்கையில பத்துக் கோட்பாடு. அதில ஒண்டு, உள்ளூருக்குத் தேவையான ஆய்வின்ர சிறப்பைப் பாதுகாக்க வேணும் எண்டு சொல்லுது. மருதானை, உங்கட பேராசிரியருக்காக வாதாடப் போனால் அதைக் கையில கொண்டு போங்கோ.

கல்கிசை சொல்றதையும் நான் தள்ள மாட்டன். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆள் இல்லாமல் நூலக மேசையில வந்து அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறன். ஆனா ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கிற எண் ஆருக்கும் காவல் இல்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. இந்த வாதத்துக்கு வேற இழை திறவுங்கோ, நானும் வாறன்.

தெமட்டகொட | 8.40

கிணத்தடி, ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) ஒண்டும் எடுங்கோ. 16 இலக்கம், காசில்லை. பேர் எத்தனை தரம் மாறினாலும் அது மாறாது. பழைய பேரையும் அதுக்குள்ள போடலாம். ஸ்கொலரில ஒரே கட்டுரை ரெண்டு தரம் கிடக்குதோ எண்டும் பாருங்கோ. அதையும் ஒண்டாக்காமல் 212 எண்டு எழுதாதேங்கோ.

கிணத்தடி | வெள்ளி, பகல் 2.17

குடுத்தாச்சு. ஸ்கொலரில ஒரு மாநாட்டுக் கட்டுரை ரெண்டு தரம் கிடந்தது, ஒண்டாக்கினாப் பிறகு 209. எண் 9தான். அக்கா சொன்னபடியே ரெண்டு தராசும் திகதியும் எழுதி, ஸ்கிரீன்ஷொட்டும் வைச்சன். வாங்கினவர் வாசிச்சுப் பார்த்திட்டு "இப்ப விளங்குது" எண்டார்.

கிணத்தடி | 19 நாளுக்குப் பிறகு

ஸ்கோபஸில 12உம் ஒரே பக்கத்தில வந்திட்டுது. 7 எண்டு காட்டுது. விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. நன்றி அக்கா, நன்றி தெமட்டகொட.