புதுப்பிப்பு: டோக்கியோ போய்வந்தாச்சு, காமகுராவும் பார்த்தாச்சு

டோக்கியோவில் 5 நாள் கையைக் கடிக்காமல் சுற்ற முடியுமா, ஒருநாள் வெளியூருக்கு நிக்கோவா காமகுராவா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

72 மணி நேர சப்வே டிக்கெட் எடுக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. முதல் கேட்டில் நுழைந்த நிமிடத்திலிருந்துதான் நேரம் ஓடும். அதனால் முதல் நாள் மதியம்வரை நடந்தே சுற்றிவிட்டு அதற்குப் பிறகு தொடங்கினேன்; நான்காம் நாள் மதியம்வரை வந்தது. டோக்கியோ மெட்ரோ, தொயெய் என்ற இரண்டு சப்வே நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 தடங்களில் இந்த டிக்கெட் செல்லும். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் செல்லாது, ஊரைச் சுற்றிவரும் அவர்களது யமனோதே தடத்திலும்தான். உயேனோ நிலையத்தில் கேட் மூடிக்கொண்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஊரை மேலிருந்து பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம். ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடி, 202 மீட்டர் உயரம், இலவசம்.

நிக்கோ போக வர சாதாரண ரயிலில் பாதி நாள் போய்விடும் என்பதால் காமகுராவுக்கே போனேன். டோக்கியோ நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். கிட்டகாமகுரா நிலையத்தில் இறங்கினால் எங்ககுஜி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து நடந்தே ஊருக்குள் போகலாம். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும் பெரிய வெண்கலப் புத்தர் சிலையின் முதுகில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. உள்ளே நுழைந்து பாருங்கள்: துண்டு துண்டாக வார்த்து இணைத்த தழும்புகள் சுவரெங்கும் தெரிகின்றன. அங்கிருந்து கிளம்பவே எனக்கு மனசு வரவில்லை.