‘அளவு மாறாமை’: பியாஜேயின் கருத்து ஒன்றுக்கான சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே ‘கன்சர்வேஷன்’ என்று குறித்த கருத்துக்கு, அதாவது வடிவம் மாறினாலும் அளவு மாறுவதில்லை என்று குழந்தை அறிவதற்கு, ‘அழிவின்மை’, ‘காப்பு’, ‘பேணல்’ என்னும் மூன்று சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல தமிழ்ச்சொற்களே. ஆனால் மூன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

இந்தக் கருத்துக்கு அடிப்படையான பியாஜேயின் சோதனையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரே அளவுள்ள இரண்டு தம்ளர்களில் சமமாகப் பாலை ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவுதான் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றில் உள்ளதை ஒடுக்கமான உயர்ந்த தம்ளருக்கு மாற்றுகிறோம். எங்கள் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, பாலக்காட்டுச் சித்தூர்) கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டால், உயரமான தம்ளரைக் காட்டி, “இதுலதானுங்க நெறைய இருக்குது” என்றே பெரும்பாலும் விடை வரும். பாலின் மட்டம் உயர்ந்ததைக் கவனிக்கும் குழந்தை, தம்ளரின் அகலம் குறைந்ததை அதோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஊற்றியதைத் திரும்ப ஊற்றினால் பழைய மட்டமே வரும் என்று மனத்துக்குள் நடத்திப் பார்ப்பதும் இல்லை. ஏறத்தாழ ஏழு வயதை ஒட்டித்தான் இவ்விரண்டும் கைகூடுகின்றன என்பது பியாஜேயின் விளக்கம்.

இந்தக் குழந்தை பால் அழிந்துவிட்டதாகச் சொல்லவில்லை, கூடிவிட்டதாகச் சொல்கிறது. ஆகவே ‘ஆற்றல் அழிவின்மை விதி’யில் சரியாக அமர்ந்திருக்கும் சொல்லை இங்கே கொண்டுவந்தால், குழந்தையின் பிழை எதுவோ அதையே சொல் மறைத்துவிடும். மேலும், இயற்பியலின் விதி பொருளைப் பற்றியது. பியாஜே பேசுவதோ பொருளைப் பற்றிக் குழந்தை என்ன எண்ணுகிறது என்பதைப் பற்றி.

‘காப்பு’, ‘பேணல்’ ஆகியவற்றில் உள்ள குறை வேறு. காப்பதற்கும் பேணுவதற்கும் ஒருவர் வேண்டும். உளவியலாளர் பட்ரிசியா கிரீன்ஃபீல்டு செனகல் நாட்டின் உவோலோஃப் இனக் குழந்தைகளிடம் இதே சோதனையை நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகத் தொடர்புடையது. பள்ளிக்குச் செல்லாத குழந்தைகள் சிலர், ஊற்றிய பெரியவரின் செயலால்தான் நீரின் அளவு மாறியது என்று காரணம் கூறினர்; தாங்களே ஊற்றியபோது அளவு மாறவில்லை என்று சொன்னவர்கள் கூடினர். ஒருவர் கைபட்டதால் அளவு மாறிவிட்டது என்னும் எண்ணம் நீங்குவதுதான் வளர்ச்சி என்றிருக்க, அதற்கு இடும் பெயரிலேயே காப்பவர் ஒருவரை உட்காரவைப்பது முறையன்று.

எனவே ‘மாறாமை’ என்பதை முன்மொழிகிறேன். வடிவம் மாறுகிறது, அளவு மாறவில்லை என்று ஒரே வினையைக் கொண்டு சோதனை முழுவதையும் இதனால் சொல்லிவிடலாம். முன்னொட்டு ஏற்கவும் எளிது. பியாஜேயின் கண்டறிதல்படி, களிமண் உருண்டையைத் திரி போல உருட்டினாலும் மண்ணின் அளவு அதுவே என்று முதலில் தெளியும் குழந்தை, அதன் எடையும் அதுவே என்று தெளிய மேலும் ஓரிரு ஆண்டுகள் ஆகின்றன; நீரில் அது அடைத்துக்கொள்ளும் பருமன் அதுவே என்று தெளிவது பதினொரு வயதை ஒட்டி. ‘அளவு மாறாமை’, ‘எடை மாறாமை’, ‘பருமன் மாறாமை’ என்று எழுதினால் இந்த வரிசை இடறாமல் வரும். குழந்தையின் நிலையைக் குறிக்க ‘மாறாமை தெளிந்த’, ‘மாறாமை தெளியாத’ என்று சொல்லலாம்.

ஒரு மறுப்பு எழும். தொலைவில் செல்லும் பேருந்து கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் அதன் உருவளவு குறையவில்லை என்றே நாம் காண்பதையும் சிலர் ‘மாறாமை’ என்கிறார்கள். அதைப் ‘புலக்காட்சி நிலைப்பு’ என்றும், மறைத்த கிலுகிலுப்பை இன்னும் இருக்கிறது என்று கைக்குழந்தை அறிவதைப் ‘பொருள் நிலைபேறு’ என்றும் பிரித்துவிட்டால் குழப்பம் இராது.

இத்தகைய சொற்களுக்கு மலையாளத்திலிருந்து சொல் எடுக்கலாம் என்று உரையாடலில் எழுந்த கருத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் ஆசிரியப் பயிற்சி பெறும் நாங்கள் பியாஜேயின் ‘ஆபரேஷன்’ (ஒரு செயலை மனத்துக்குள் நடத்திப் பார்ப்பது) என்பதை ‘மனோவ்யாபாரம்’ என்றே மலையாள நூல்களில் படிக்கிறோம். அங்கே அது அழகாகப் பொருந்துகிறது. தமிழ்வழிப் பள்ளிப் பெற்றோரிடம் அதையே சொன்னால் பிள்ளை கடை வைக்கப் போகிறதா என்று கேட்பார்கள். ‘மனச்செயல்பாடு’ என்று நம்மிடம் ஏற்கெனவே வழங்குவதே போதும்.

கலைச்சொல் பதிவுக்கான வரையறையை இப்படி எழுதலாம்: அளவு மாறாமை என்பது, ஒன்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் வடிவத்தையோ அடுக்கையோ மட்டும் மாற்றும்போது அதன் அளவு அவ்வாறே இருக்கும் என்று குழந்தை காரணத்தோடு அறிதல். ‘காரணத்தோடு’ என்பதை நீக்கலாம் என்று கருதுவோர் எழுதுக. விடையை மட்டும் சரியாகச் சொல்லும் குழந்தையைப் பியாஜே தெளிந்ததாகக் கொள்ளவில்லை என்பதால்தான் அதைச் சேர்த்திருக்கிறேன்.