அம்மாவின் கிரியேட்டினின் 1.1, நார்மல். ஈஜிஎஃப்ஆர் மட்டும் 57. எதை நம்புவது?

கடையத்தான்:
அம்மாவுக்கு 62 வயது, எடை 41 கிலோ. கல்யாணம் ஆன நாளிலிருந்து பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். பிரஷர் மாத்திரை பத்து வருஷமாக உண்டு. சர்க்கரை இல்லை.

போன வாரம் டாக்டர் எழுதிக் கொடுத்தாரென்று ரத்தம் கொடுத்தோம். யூரியா 38, கிரியேட்டினின் 1.1. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று தாளை மடிக்கப் போனேன். கடைசி வரியில் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற எண், 57. அதற்கு மட்டும் தடித்த எழுத்து. லேபில் கேட்டால் “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்கிறார்கள். அவர் திங்கட்கிழமைதான் ஊருக்கு வருகிறார். நெட்டில் தேடினால் 60க்குக் கீழே என்றால் சிறுநீரக நோயில் மூன்றாம் நிலை என்று வருகிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு தடவை தென்காசிக்குப் போய்வருகிறார். வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் பீடி சுற்றுகிறாள். ஒரே ரத்தத்தில் ஒரு வரி நல்லது சொல்கிறது, ஒரு வரி கெட்டது சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

மூலிகைப்பிரியன்:
பயப்படாதீங்க. தினமும் வெறும் வயிற்றில் வாழைத்தண்டு சாறு, மாலையில் இளநீர். ஒரே மாதத்தில் கிரியேட்டினின் இறங்கிவிடும். என் மாமாவுக்கு இறங்கியது.

பழைய லேப்காரன்:
தம்பி, 29 வருஷம் லேபில் இருந்தவன் சொல்கிறேன். அது இரண்டு சோதனை இல்லை, ஒன்றுதான். ஈஜிஎஃப்ஆரை எந்த மெஷினும் அளப்பதில்லை. கிரியேட்டினின் எவ்வளவு, வயசு என்ன, ஆணா பெண்ணா, இந்த மூன்றையும் சூத்திரத்தில் போட்டுக் கணினி தருகிற கணக்கு அது.

கிரியேட்டினின் தசையிலிருந்து ஊறும் கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ஊறுவது ஆளுக்கு ஆள் மாறும். வயல் வேலை செய்யும் ஆணுக்கு அதிகம், ஒல்லியான பெண்ணுக்குக் குறைவு. அம்மா வயசில் ஒரு ஆணுக்கு 1.4 வந்தாலும் 2021இல் வந்த சூத்திரப்படி இதே 57தான் வரும். அவருடைய 1.4க்கு ஸ்டார் போடுவார்கள், அம்மாவின் 1.1க்குப் போட மாட்டார்கள். ஏனென்றால் அந்த 0.6 - 1.2 என்பது இருபாலருக்கும் பொதுவாக அச்சடித்தது. நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் அடித்தோம், ஒருத்தரும் கேட்கவில்லை. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் 57ஐப் பாருங்கள். 41 கிலோ உடம்புக்கு அதுவும் கொஞ்சம் தாராளமான கணக்காக இருக்கலாம். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு சோதனை உண்டு, அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை.

ஆனால் ஒரே தாளை வைத்து மூன்றாம் நிலை என்று யாரும் சொல்லக்கூடாது. 60க்குக் கீழேயே மூன்று மாதம் நீடித்தால்தான் அந்தப் பேச்சு. சோதனையிலும் ஆட்டம் உண்டு. ஜாஃபே என்பவர் 1886இல் கண்ட முறையில்தான் இன்றும் பல லேபில் ஓடுகிறது. பிக்ரிக் அமிலம் நல்ல மஞ்சள், கிரியேட்டினின் சேர்ந்தால் ஆரஞ்சாகத் திரும்பும், அந்த நிறத்தை அளப்பார்கள். ரத்தத்தில் உள்ள வேறு சில பொருள்களும் கொஞ்சம் நிறம் கொடுக்கும். 1.0க்கும் 1.1க்கும் நடுவில் இருப்பதைப் பல சமயம் வித்தியாசம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று கேள்வி. ரத்தம் கொடுத்த அன்று காலையில் தண்ணீர் குடித்தார்களா? முந்தின ராத்திரி கறி சாப்பிட்டார்களா? வலி மாத்திரை போடுவது உண்டா?

மூலிகைப்பிரியன் அவர்களே, பொட்டாசியம் ஏறியிருக்கிறவருக்கு இளநீர் ஆகாது. ஆள் யாரென்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

கடையத்தான்:
அண்ணே, கறி இல்லை, அன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர்தான்... வெறும் வயிறு என்று சொன்னதால் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மடக்கு கூடக் குடிக்கவில்லை. பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, ரத்தம் எடுக்கும்போது மணி பதினொன்று.

மாத்திரை கேட்டீர்கள். இல்லை என்றுதான் எழுத வந்தேன். அப்புறம் எதற்கும் பார்ப்போமென்று அவளுடைய பீடி இலைப் பெட்டியைத் திறந்தேன். ஓரத்தில் நூல் உருண்டைக்குக் கீழே டைக்ளோஃபெனாக் அட்டை, பத்தில் மூன்று மிச்சம். முதுகு வலிக்கு மெடிக்கலில் வாங்குவதாம். “அது மாத்திரையா, அது வலிக்குல்லா” என்கிறாள்.

பழைய லேப்காரன்:
அதேதான் நினைத்தேன். சிறுநீரகத்துக்குள் போகும் குழாய் சுருங்காமல் வைத்திருக்க உடம்பு சுரக்கிற பொருளை அந்த மாத்திரை தடுத்துவிடும். உள்ளே போகும் ரத்தம் குறையும், கிரியேட்டினின் ஏறும். தண்ணீரும் குடிக்காமல், பிரஷரும் இருந்தால் இன்னும் மோசம். அந்த அட்டையைத் திங்கட்கிழமை அப்படியே டாக்டர் மேசையில் வையுங்கள். பிரஷர் மாத்திரையில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்) - கிரியேட்டினின் விகிதமும் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டி ஓட்டையாகிறதா என்பது அதில்தான் தெரியும், 30க்குக் கீழே இருந்தால் நல்லது. இன்னொன்று, வெறும் வயிறு என்றால் சோறு, டீ கூடாது என்றுதான் அர்த்தம். தண்ணீர் குடிக்கலாம்.

சிங்கப்பூர் மருமகள்:
நடுவில் ஒரு வார்த்தை. இங்கே கிரியேட்டினினை மைக்ரோமோல் என்ற அலகில் கொடுப்பார்கள். அத்தைக்கு 79 என்று வந்ததும் ஊரில் மச்சான் 0.9தானே நார்மல், 79ஆ என்று அழ ஆரம்பித்துவிட்டார். 88.4ஆல் வகுத்தால் ஊர் மில்லிகிராம் கணக்கில் அதுவும் 0.9தான். தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் பாருங்கள்.

கடையத்தான்:
மூன்றரை மாதம் ஆகிவிட்டது, சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். டாக்டர் டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, வலி தாங்காத நாளில் மட்டும் பாராசிட்டமால் என்றார். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனோம். கிரியேட்டினின் 0.9, ஈஜிஎஃப்ஆர் 72. சிறுநீர் விகிதம் 14. நேற்று மறுபடியும் பார்த்தது: 1.0, ஈஜிஎஃப்ஆர் 64. எட்டு குறைந்திருக்கிறதே அண்ணே?

பழைய லேப்காரன்:
அந்த எட்டு, 0.1இன் விளையாட்டு. இரண்டும் 60க்கு மேலே, விகிதமும் நன்றாக இருக்கிறது. பிரஷர் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள், அதே லேபில். முதுகு எப்படி இருக்கிறது?

கடையத்தான்:
வலிக்கத்தான் செய்கிறது. சுளகுக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்திருக்கிறேன், எழுந்து போகிற சாக்கில் முதுகும் நிமிரும் என்று. “நாலு தடவை எந்திச்சா நூறு பீடி கொறையுது, அந்தக் காச நீ தா” என்கிறாள். தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.