தென் துருவத்துக்கு ஸ்கீயில் போன முதல் இந்தியர் யார்? இரண்டு பஜாஜ் குழப்பம்

கேள்வி:
பொது அறிவுக் குறிப்புகளில் அஜித் பஜாஜ், கர்னல் பஜாஜ், சிரோஹி, ரீனா கௌஷல் தர்மசக்து என நான்கு பேரையும் "முதல் இந்தியர்" என்று போட்டிருக்கிறார்கள். யார் எதில் முதல்? இன்னொன்று, ஒரு துருவத்தை முடித்தவருக்கு மற்றதும் அதே வேலைதானா?

பதில் 1:
நான்குமே சரி, எதில் முதல் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கிரிராஜ் சிங் சிரோஹி தாவரவியலாளர். 1960இல் உயிரியல் கடிகார (உயிர்களின் நாள்-இரவு ஒழுங்கு) ஆய்வுக்காக விமானத்தில் தென் துருவ நிலையத்துக்குப் போனார், அங்கே கால் வைத்த முதல் இந்தியர். ஸ்கீயில் (காலில் கட்டும் சறுக்குப் பலகையில்) தென் துருவத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் ராணுவக் கர்னல் ஜே.கே. பஜாஜ். பன்னாட்டுக் குழுவோடு, 1989 ஜனவரி 17. அஜித் பஜாஜ் வேறு ஆள். 2006 ஏப்ரலில் வட துருவம், ஓராண்டுக்குள் தென் துருவம். இரண்டுக்கும் ஸ்கீயில் போன முதல் இந்தியர் இவர்தான். 2012இல் பத்மஸ்ரீ. 2018இல் மகளோடு எவரெஸ்ட் ஏறியதும் இவரே. ரீனா 2009 டிசம்பர் 29இல் ஸ்கீயில் தென் துருவம் போய்ச் சேர்ந்தார், இந்தியப் பெண்களில் இவர்தான் முதல். 900 கி.மீ.க்கு மேல், 38 நாள். நாளுக்கு சுமார் 24 கி.மீ. வருகிறது, அதுவும் ஸ்லெட்ஜை (சாமான் ஏற்றிய சறுக்கு வண்டியை) இழுத்துக்கொண்டு. இந்தப் பயணத்தை நம் ஊடகங்கள் போதிய அளவு பேசவே இல்லை.

பதில் 2:
அதே வேலை இல்லை. வடக்கே காலடியில் இருப்பது 2, 3 மீட்டர் கடல் பனி, அதற்குக் கீழே 4,000 மீட்டர் ஆழக் கடல். பனி நகர்ந்துகொண்டே இருப்பதால் இரவு தூங்கி எழுந்தால் சில கி.மீ. பின்னால் போயிருக்கலாம். பனி பிளந்து நீர் தெரியும் இடத்தில் சுற்றிப் போக வேண்டும், அல்லது உறையும்வரை காத்திருக்க வேண்டும். முட்டி நிற்கும் பனி மேடுகளில் ஒரு ஸ்லெட்ஜை இரண்டு பேர் தூக்கித்தான் தாண்ட முடியும்.

தெற்கே நிலம் உறுதி, ஆனால் துருவம் 2,835 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் உடம்புக்கு அது இன்னும் உயரமாகத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அது செதுக்கிய பனி வரப்புகளில் ஸ்லெட்ஜ் கவிழும். திசை பார்க்க ஒரு எளிய வழி உண்டு: உள்ளூர் நண்பகலில் உங்கள் நிழல் துருவத்தை நோக்கி விழும், பிறகு மணிக்கு 15 பாகை நகரும். இது இரு துருவத்துக்கும் பொருந்தும்.

பதில் 3:
இரண்டிலும் ஆளைக் கவிழ்ப்பது குளிரைவிட வியர்வைதான். நடக்கும்போது லேசாகக் குளிரும் அளவுக்கே உடுத்த வேண்டும். வியர்த்தால் நின்றவுடன் உள்ளாடை உறையும். அதனால்தான் 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு, நின்ற கணமே தடித்த ஜாக்கெட். உடம்பின் ஈரம் தூக்கப்பைக்குள் இறங்கி உறைந்தால் நாளுக்கு நாள் எடை கூடும், சூடு குறையும். உள்ளே நீராவி புகாத உறை போட்டுக்கொள்வது அதற்காகத்தான்.

குடிநீர் முழுக்கப் பனியை உருக்கித்தான், அதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 மி.லி. எரிபொருள் ஆகும். அடுப்பைப் பலகை மேல் வையுங்கள், வெறும் பனியில் வைத்தால் சூட்டில் உருகிச் சாயும். கூடார வாயில் எப்போதும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், மணம் இல்லாததால் தெரியவே தெரியாது.