கீழே கயிறு பிடிப்பவரைப் பற்றி எழுதுங்கள்: மரவேலைக்காரர்களின் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

மரம் வெட்டுவது, கிளை கழிப்பது, தென்னை ஏறுவது என்று சொந்தமாக வேலை பிடித்துச் செய்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். உங்கள் கூட்டாளியைப் பற்றி எழுதுங்கள். மேலே ஏறுகிறவனை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், போனில் படம் எடுக்கிறார்கள். கீழே வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது.

எங்களுக்குக் காண்ட்ராக்டர் கிடையாது. டீக்கடைக்குப் போன் வரும், அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைச் சேர்த்துக்கொண்டு போவோம். ஆனால் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற மரம் என்றால் மாமா வராமல் நான் ஏறுவதில்லை. சொந்த மாமா இல்லை, கடையில் எல்லோருக்கும் அவர் மாமாதான். முழங்கால் போய்விட்டதால் அவர் இப்போது ஏறுவதில்லை. கயிறு விடுகிறார், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டிக் கீழே போட இடமில்லாத இடத்தில் கிளையைக் கட்டித்தான் இறக்க வேண்டும். வெட்டப்போகிற கிளைக்கு மேலே நல்ல தெம்பான கவையாகப் பார்த்து வடத்தைப் போட்டு, ஒரு முனையைக் கிளையில் கட்டுவோம், மறுமுனையை மாமா அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கிளை விடுபடும்போது கயிற்றை வெடுக்கென்று நிறுத்தினால் மொத்தக் கனமும் மரத்தை உலுக்கிவிடும், மேலே இருப்பவன் பிடியை விட்டால் போச்சு. அதற்காக ரொம்ப ஓடவிட்டால் கிளை நேராக ஓட்டுக்கூரையில் போய் இறங்கும். கொஞ்சம் ஓடவிட்டு, அப்புறம் மெல்ல மெல்ல இறுக்கி நிறுத்த வேண்டும். வேம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், முருங்கை சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். எந்த மரத்துக்கு எவ்வளவு விடுவது என்பது அவருடைய உள்ளங்கைக்குத் தெரியும். வெட்டு முக்கால்வாசி இறங்கியதுமே, நான் வாய் திறப்பதற்கு முன்னால், "உடு தம்பி, நான் இருக்கேன்" என்று குரல் வரும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடித்தது ஞாபகம் இருக்கும். தூங்குமூஞ்சியும் குல்மொகரும் தெருவுக்குத் தெரு வேரோடு சாய்ந்து கிடந்தன. வேலைக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, கூலி கொடுக்க யாரிடமும் சில்லறை இல்லை. ஒரு வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒற்றை 2000 ரூபாய் நோட்டை நீட்டினார்கள். எந்தக் கடையிலும் மாற்ற முடியவில்லை. மாமா அதைத் தெரிந்த மளிகைக் கடையில் கொடுத்து அரிசி, பருப்பு, எண்ணெயாக வாங்கி, கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து பங்கு பிரித்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதல் பங்கு போனது. அவர் கடைசியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

பேராவூரணியிலிருந்து:

அண்ணே, நீங்கள் வர்தாவைச் சொன்னதும் எனக்குக் கஜாதான் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை. விடிந்து பார்த்தால் தோப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை, தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. நான் காய் பறிக்கிறவன். நின்ற மரத்தில் ஏறத் தெரியும், விழுந்த மரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மெஷின் ரம்பத்தோடு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

விழுந்த மரம் செத்த மரம் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தண்டை நறுக்கினால், பாரம் குறைந்ததும் அடிக்கட்டை வேர்மண்ணோடு சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழியில் ஆள் நின்றால் அவ்வளவுதான். அதனால் அண்ணன் ரம்பத்தைப் பிடித்தால் தம்பி வேறு எந்த வேலையும் செய்ய மாட்டார், வேர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், யாராவது வேடிக்கை பார்க்க வந்தால் அதட்டி விரட்டுவார். முற்றிய தென்னையின் வெளிப்பக்கம் இரும்பு, செயினின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். கரண்டு கிடையாது என்பதால் ராத்திரி நான் டார்ச் பிடிக்க, அவர்கள் ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுக் கூராக்குவார்கள். பேசவே மாட்டார்கள், அலுப்பு அப்படி.

மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 என்று அரசு அறிவித்தது. அது கைக்கு வரும்வரை தோப்புக்காரர்களிடம் காசு ஏது? எங்கள் தெருவில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் வைத்த மரமெல்லாம் போச்சே என்று அழுதுகொண்டே இருந்தார். அவரிடம் பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் பொங்கலுக்குப் போன் வரும், புதிதாக வைத்த கன்று பிடித்ததா, தென்னையைத் துளைக்கிற கூன்வண்டு விழுந்ததா என்று கேட்பார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

எங்கள் பக்கம் பயம் கதண்டு என்கிற பெரிய குளவிக்குத்தான். பனை, தென்னை உச்சியில் கூடு கட்டியிருக்கும், கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும், கொட்டி ஆள் செத்த ஊர்கள் உண்டு. ஒரு தடவை நான் பாதி மரத்தில் இருக்கும்போது கீழே நின்ற சித்தப்பா கத்தாமல் கயிற்றை மட்டும் இரண்டு தரம் சுண்டினார். அது எங்கள் ஜாடை: சத்தம் போடாதே, அரிவாளை வீசாதே, வந்த வழியே இறங்கு. இறங்கி நின்று பார்த்தால்தான் மட்டைக்குப் பின்னால் கூடு தெரிகிறது. கீழேயிருந்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்குத்தான் அது பட்டிருக்கிறது. அன்றைய வேலையை விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம்.

இன்னொன்று, பனையை வெட்டக் கூப்பிட்டால் அவர் வரவே மாட்டார். 2021-இல் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வந்ததற்கு ரொம்ப முன்னாலிருந்தே அப்படித்தான். எங்களுக்கும் அதே பழக்கம்.

ஒரு சந்தேகம் அண்ணே, கயிறு பிடிக்கிறவருக்குக் கூலி எப்படிப் பிரிக்கிறீர்கள்? இங்கே சிலர் பாதிதான் கொடுக்கிறார்கள்.

தாம்பரத்திலிருந்து:

தம்பி, எங்களிடம் சரிபங்கு. ஏறுகிறவனுக்கு எவ்வளவோ மாமாவுக்கும் அவ்வளவு. போன வருடம் ஒரு அபார்ட்மெண்டில், பெரியவர் சும்மாதானே நின்றார் என்று ஒரு கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள். பாதி மரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வடத்தைச் சுருட்டி வண்டியில் போட்டோம், செயலாளர் கேட்டுக்கு ஓடி வந்து முழுக்கூலிக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுபடி ஏறினேன். பாதிக் கூலி கொடுக்கிற இடத்துக்கு உங்கள் சித்தப்பாவை அனுப்பாதீர்கள்.