சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்: அனுபவம் சொல்லுங்கள்

நெல்லை அம்மா:
நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பந்தி. என் மகனுக்கு நாலு வயது, தனி இலைதான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தான். அவரைக்காய்ப் பொரியல் வாளி வந்ததும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளங்கையை இலைக்கு மேல் விரித்துத் தலையை லேசாக ஆட்டினான். பக்கத்து இலையில் அவன் அப்பா. அதே நேரம், அதே கை, அதே தலையாட்டல். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே இருவரையும் தாண்டிப் போய்விட்டார்.

"இவனுக்குக் காய் பிடிக்காது" என்று டாக்டர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பிடிக்கிறதா இல்லையா என்று தெரிய, வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? இவரிடம் சொன்னால் "எங்கப்பாவும் அப்படித்தான்" என்கிறார். அதில் பெருமை வேறு.

திருச்சி சித்தி:
அக்கா மகளுக்குப் போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும். அக்காவின் மாமியார்தான் ஊட்டுவார். நான் போயிருந்த அன்று கரண்ட் போய், போனும் அணைந்துவிட்டது. குழந்தை முதல்முறையாகக் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயே, இது என்ன ரோஸ் கலர்ல இருக்கு?" என்றாள். பீட்ரூட் சாதம். வாராவாரம் சாப்பிடுகிற அதே பீட்ரூட் சாதம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பகீர் என்றும் இருந்தது.

பாட்டி கட்சி:
சித்தி, உடனே மாமியார் தலையில் போட்டுவிட்டீர்களே. பெற்றவர்கள் இருவரும் ஆபீஸ் போனால், அந்தக் கிண்ணத்தைக் காலி செய்யாவிட்டால் ராத்திரி யாருக்குத் திட்டு விழும்? என் பேரனுக்கு மொட்டைமாடியில் ஊட்டியவள் நான். காக்காவைக் காட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. சாப்பாட்டு நேரத்தை அதிலிருந்து முதலில் கழியுங்கள். அப்புறம், எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு பாகப்பிரிவினை சொல்கிறார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. நம் வீடுகளில் தலைகீழ். "என்ன வேண்டும் கண்ணு, தோசையா, நூடுல்ஸா?" என்று கேட்போம், வந்ததும் கடைசி வாய் வரை திணிப்போம். புதுக் காயை ஒரு தடவை துப்பினால் விட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகு ஏற்றுக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. ஒரே ஒரு துண்டு வையுங்கள், பேசாமல் இருங்கள். நெல்லை அம்மா, உங்கள் வீட்டுக்காரர் இலையிலும் ஒரு துண்டு விழ வேண்டும். பால் டம்ளரைச் சாப்பாட்டுக்கு முன்னால் நீட்டாதீர்கள். பிஸ்கட் டப்பாவை...

ஆரம்பப்பள்ளி டீச்சர்:
அம்மா, டப்பாவை மூடுங்கள். அனுபவம்தானே கேட்டார்கள்!

எங்கள் பள்ளிக்குக் காலை உணவு 2023 ஆகஸ்டில், திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தபோது வந்தது. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, "உப்புமா என்றாலே தட்டைத் தள்ளிவிடுவான் டீச்சர்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சந்தேகத்தில் ஒருநாள் வந்து ஜன்னல் ஓரம் நின்று பார்த்தார். பையன் வரிசையில் நடுவே உட்கார்ந்து ரவை உப்புமாவைச் சாம்பாரில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, தட்டை நீட்டி இன்னும் கேட்டான். அந்த அம்மாவுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "என் கையால் செய்தால் மட்டும் இறங்காதா?" என்று என்னிடம் கேட்டார்.

கைமணம் காரணமில்லை. லீஆன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1980-லேயே பாலர் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்: ஒரு பிள்ளையை, தனக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு உட்கார வைத்தால், அந்தப் பிள்ளையும் அந்தக் காய்க்கு மாறுகிறது. அந்தப் பையன் வீட்டில் டிவி முன்னால் தனியாகச் சாப்பிடுகிறவன். கூட யாரும் உட்காருவதில்லை.

ஹாஸ்டல் பழசு:
தட்டில் ஒரு பருக்கை மிச்சம் இருந்தாலும் எங்கப்பா எழ விடமாட்டார். போன மாதம் ஹோட்டலில் மகள் ஒன்றரை இட்லியை மிச்சம் வைத்தாள். சர்வர் தட்டை எடுக்க வந்தார், என் கை தானாகப் போய்த் தட்டைப் பிடித்துக்கொண்டது. "இன்னும் பசிக்குதாப்பா?" என்றாள். பசியே இல்லை. தின்று முடித்தேன். சுகர் மாத்திரை போடுகிறவன் நான்.

பாட்டி கட்சி:
தம்பி, உங்கப்பாவைக் குறை சொல்லாதீர்கள். ரேஷன் வரிசையில் நின்று அரிசி வாங்கின காலத்து ஆள். மிச்சம் வைக்காதே என்பது நல்ல பழக்கம்தான், பரிமாறுகிற அளவில்தான் கோளாறு. முதலில் அரை இட்லி வையுங்கள், வேண்டுமென்றால் அவளே கேட்கட்டும். டீச்சர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த பிஸ்கட் டப்பாவைப் பரண் மேல் ஒளிக்காதீர்கள். ஒளித்தால் ஆசைதான் கூடும். வாங்குவதையே குறையுங்கள்.